ஜென் தியானம்: முதல் சில மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜென் தியானத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மனத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எண்ணம் அடங்குமா, கவனம் நிற்குமா என்று. தொடங்கிய சில வாரங்களில் விட்டுவிடுகிறவர்கள் சொல்லும் காரணமோ பெரும்பாலும் வேறு: முழங்கால் வலித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, பத்து நிமிடத்தில் முதுகு கூனிவிட்டது, தூக்கம் தூக்கமாக வந்தது. உட்கார்ந்திருக்கும் விதம் சரியாக அமையாதவரை மனம் அமைதியடைய வழியில்லை. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உடம்பைப் பற்றியது.

ஜென் என்னும் பௌத்த மரபே அப்படித்தான் சொல்லித்தருகிறது. டோகன் (1200–1253) சீனாவில் பயின்று 1227-இல் ஜப்பான் திரும்பியவர். அங்கே சோட்டோ பிரிவை நிறுவியவர். உட்காரும் முறை பற்றி அவர் எழுதிய குறிப்பில் விரிப்பு எப்படி இருக்க வேண்டும், எந்தக் கால் எதன்மேல், கை எங்கே, காது எதற்கு நேராக, நாக்கு எங்கே என்று ஒவ்வொன்றாக வருகிறது. இந்த உட்காரும் பயிற்சிக்கு ஜாஜென் என்று பெயர். இன்னொரு பெரிய பிரிவான ரின்சாயிலும் அடிப்படை உட்காரும் முறை இதுவே. சோட்டோவினர் சுவரைப் பார்த்து உட்காருவார்கள், ரின்சாயினர் அறையின் நடுப்பக்கம் பார்த்து உட்காருவார்கள். வீட்டில் தனியாகத் தொடங்குகிறவருக்குச் சுவரே நல்லது. கண்ணுக்கு வேலை குறையும்.

இடமும் நேரமும்

தனி அறை தேவையில்லை. ஒரு சுவரும், அதற்கு முன்னால் ஒரு ஆள் உட்காரும் இடமும் போதும். கண் கூசும் வெளிச்சமும் வேண்டாம், முழு இருட்டும் வேண்டாம். இருட்டில் தூக்கம் வரும். காற்று நேராக முகத்திலோ முதுகிலோ அடிக்கும் இடத்தைத் தவிருங்கள். சுவருக்கும் உங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அளவு இடைவெளி இருக்கட்டும்.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே உட்கார வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். கடும் பசியோடும் வேண்டாம். இடுப்பிலும் முழங்காலிலும் இறுக்காத உடை அணியுங்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கால் மடித்தால் முழங்காலின் பின்புறம் துணி மடிந்து அழுத்தும், கால் சீக்கிரம் மரத்துப்போகும். கைக்கடிகாரத்தையும் காலுறையையும் கழற்றிவிடுங்கள்.

காலையில் எழுந்து முகம் கழுவியதும் உட்காருவது பலருக்கும் ஒத்துவரும். கைபேசியைப் பார்ப்பதற்கு முன்பு என்பது முக்கியம். ஒரே ஒரு செய்தியைப் படித்துவிட்டு உட்கார்ந்தாலும் அடுத்த இருபது நிமிடமும் அதற்குப் பதில் எழுதுவதிலேயே போய்விடும். நேரம் பார்க்கக் கைபேசியைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், விமானப் பயன்முறையில் போட்டு, மென்மையான மணியோசை வைத்து, முதுகுக்குப் பின்னால் கை எட்டாத தூரத்தில் வைத்துவிடுங்கள். மடாலயங்களில் ஒரு ஊதுபத்தி எரிந்து முடியும் நேரம், அதாவது சுமார் நாற்பது நிமிடம், ஒரு அமர்வாகக் கணக்கிடப்பட்டது. சிறிய அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி ஏற்ற வேண்டாம். புகை தொண்டையை அரிக்கும், மூச்சைக் கவனிக்கவே முடியாது.

இருக்கை: அதிகக் கவனம் இங்கேதான்

ஜென் மையங்களில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஜாஃபு என்பது வட்டத் திண்டு. முப்பது முதல் முப்பத்தைந்து சென்டிமீட்டர் அகலம், உள்ளே இலவம்பஞ்சோ பக்வீட் தானிய உமியோ அடைத்திருக்கும். அதன் அடியில் விரிக்கும் சதுர மெத்தைக்கு ஜாபுதோன் என்று பெயர். முழங்காலும் கணுக்காலும் தரையில் இடிபடாமல் காப்பது அதன் வேலை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தடித்த போர்வையை நான்காக மடித்துக் கீழே விரித்து, அதன்மேல் இன்னொரு போர்வையை இறுக்கமாகச் சுருட்டியோ மடித்தோ வைத்தால் போதும். தூங்கும் தலையணை மட்டும் வேண்டாம். உட்கார்ந்தபோது உயரமாகத் தெரியும், ஐந்து நிமிடத்தில் அமுங்கிப்போகும், இடுப்பு பின்னோக்கிச் சரியும். கட்டில் மெத்தைமேல் உட்காருவதும் இதே காரணத்தால் சரிவராது.

உயரத்தை எப்படி முடிவு செய்வது? பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டரில் தொடங்குங்கள். திண்டின் முழுப் பரப்பிலும் உட்காராமல் முன்பக்க மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் உட்காருங்கள். அப்போது இடுப்பு தானாக முன்னோக்கிச் சற்றுச் சாயும், இரண்டு முழங்காலும் கீழே இறங்கும். இரண்டு முழங்கால், உட்காரும் பகுதி என்று மூன்று இடங்களில் உடம்பின் எடை இறங்க வேண்டும். முழங்கால்கள் அந்தரத்தில் நிற்கின்றனவா? உயரம் போதவில்லை, இன்னொரு மடிப்பு வையுங்கள். ஒரு முழங்கால் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அதற்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். முன்பக்கம் கவிழ்ந்து விழுவதுபோல் இருந்தாலோ கீழ்முதுகு அளவுக்கு மீறி வளைந்து வலித்தாலோ உயரம் அதிகம்.

தரையில் சம்மணம் போட்டுப் பழகியவர்கள் இந்தத் திண்டு எதற்கு என்று நினைக்கலாம். வெறும் தரையில் சம்மணம் போடும்போது பெரும்பாலோருக்கு முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்கும். அந்த நிலையில் முதுகை நிமிர்த்தி வைக்கத் தசைகள் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கும்போது நாம் அசைந்து அசைந்து அதைச் சமாளிக்கிறோம். அசையாமல் இருபது நிமிடம் என்று வரும்போது முதுகு தோற்றுவிடும்.

கால்

முதலில் பர்மிய நிலையைப் பழகுங்கள். இரண்டு கால்களையும் மடித்து, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வரும்படி தரையிலேயே வைப்பது. கால்மேல் கால் வராது, கணுக்கால்மேல் எடை விழாது. எந்தக் கால் முன்னால் என்பதைத் தினம் மாற்றிக்கொள்ளுங்கள். பல ஆண்டு பயின்றவர்களும் இதே நிலையில் உட்காருவதுண்டு. இது ஒன்றும் குறைந்த நிலை அல்ல.

அரைத் தாமரையில் இடது பாதம் வலது தொடைமேல் வரும், வலது பாதம் இடது தொடையின் அடியில் போகும். முழுத் தாமரை, அதாவது பத்மாசனம், மிக உறுதியான நிலை என்பது உண்மைதான். ஆனால் அது இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பும் என்பதைப் பொறுத்தது. இடுப்பு திரும்பாதவர் பாதத்தைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் போட்டால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். முழங்கால் மடங்கி நீளத்தான் அமைந்தது, முறுக்குவதற்கு அல்ல. அதன் உள்பக்கத்தில் சுரீர் என்று குத்தினால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள். பொறுத்துக்கொண்டு உட்காருவது இங்கே வீரம் இல்லை. குருத்தெலும்பு கிழிந்தால் மாதக்கணக்கில் உட்காரவே முடியாது.

முழங்காலை அகலமாக விரிக்க முடியாதவர்கள் மண்டியிட்டு உட்காரலாம். வட்டத் திண்டைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, அதன்மேல் உட்காருங்கள். சாய்ந்த பலகை வைத்த சிறிய மரமணையும் கிடைக்கிறது. கணுக்காலின் முன்பக்கம் வலித்தால் சுருட்டிய துண்டு ஒன்றை அதனடியில் வைக்கலாம்.

நாற்காலியும் முறையான இருக்கைதான். சக்கரம் இல்லாத, உட்காரும் பலகை கெட்டியான நாற்காலி வேண்டும். அதன் முன்பாதியில், முதுகு சாயாமல் உட்காருங்கள். இரண்டு பாதங்களும் இடுப்பகலத்தில் முழுமையாகத் தரையில் படியட்டும், எட்டாவிட்டால் கீழே பலகை போடுங்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் கர்ப்பிணிகளும் முதல் நாளிலிருந்தே நாற்காலியில் தொடங்கலாம்.

முதுகிலிருந்து தலை வரை

கால் அமைந்ததும் உடம்பை இடமும் வலமும் ஆட்டுங்கள். முதலில் பெரிதாக, பிறகு சிறிது சிறிதாக, கடைசியில் நடுவில் நிற்கும்படி ஏழெட்டு முறை. நடு எது என்று உடம்பே கண்டுகொள்ளும் வழி இது. அதன்பின் உச்சந்தலையை யாரோ மேலே மெல்ல இழுப்பதுபோல் முதுகெலும்பை நீட்டி, தோள்களைத் தளர விடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் காது தோளுக்கு நேராகவும், முன்னாலிருந்து பார்த்தால் மூக்கு தொப்புளுக்கு நேராகவும் இருக்க வேண்டும். முகவாயை ஒரு விரலளவு உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். முகவாய் மேலே தூக்கியிருந்தால் எண்ணங்கள் பெருகுவதையும், கீழே தொங்கினால் தூக்கம் வருவதையும் நீங்களே பார்க்கலாம்.

வலது உள்ளங்கை மேல்நோக்கி மடியில், அதன்மேல் இடது கை. இரண்டு கட்டைவிரல் நுனிகளும் தொட்டும் தொடாமலும் சந்தித்து ஒரு நீள்வட்டமாக நிற்கட்டும். கைகள் தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றை ஒட்டி இருக்கும். மடி தாழ்வாக இருந்து தோள்கள் முன்னே இழுபட்டால் கைக்கடியில் ஒரு துண்டு வையுங்கள். இந்தக் கட்டைவிரல்கள் உங்களுக்கு நல்ல அளவுகோல். அவை சரிந்து விழுந்திருந்தால் நீங்கள் தூங்கப் போய்விட்டீர்கள், ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தால் எதனோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் கவனித்ததும் விரலைச் சரிசெய்யுங்கள், மனமும் கூடவே வரும்.

வாய் மூடியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல்பற்களின் பின்புறம் அண்ணத்தில் படியட்டும். அப்படி வைத்தால் எச்சில் ஊறுவது குறையும். கண்களை மூட வேண்டாம். இமை பாதி தாழ்ந்து, பார்வை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் கீழே விழட்டும். எதையும் உற்றுப் பார்க்காமல் அங்கே கிடக்கட்டும். கண்மூடித் தியானம் செய்து பழகியவர்களுக்கு முதல் வாரம் இது இடைஞ்சலாகத் தோன்றும். கண்மூடினால் கற்பனையும் அரைத்தூக்கமும் எளிதாக நுழைந்துவிடும். உட்கார்ந்திருக்கும் இடத்தைவிட்டு எங்கும் போகாமல் இருப்பதுதான் ஜென்னில் பயிற்சி. கண் எரிந்தால் இயல்பாகச் சிமிட்டிக்கொள்ளலாம்.

மூச்சை எண்ணுதல்

வாய் வழியாக ஒருமுறை நீளமாக மூச்சை வெளியே விட்டுவிட்டு, அதன்பின் மூக்கு வழியாக மட்டும். மூச்சை ஆழமாக்கவோ நீட்டவோ முயல வேண்டாம். வெளிவிடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண். மூச்சு தொடங்கும்போது மனத்துக்குள் "ஒ…ன்…று" என்று தொடங்கி, மூச்சு முடியும்வரை அந்த எண்ணோடேயே இருங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் விட்டுப்போனால் ஒன்றுக்குத் திரும்புங்கள். பதினான்கு, பதினைந்து என்று போய்க்கொண்டிருப்பதைத் திடீரென்று கண்டாலும் ஒன்றுக்கே திரும்புங்கள். தொடக்கத்தில் மூன்றைத் தாண்டவே முடியவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. பத்தை எட்டுவது மதிப்பெண் அல்ல. தவறியதைக் கண்டு திரும்பும் அந்த இடமே பயிற்சி.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். ஒன்று, எண்ணின் வேகத்துக்கு மூச்சை ஓட்டுவது. நெஞ்சு இறுகும், கொட்டாவி வரும், சிலருக்குத் தலை சுற்றும். அப்படியானால் எண்ணுவதை விட்டுவிட்டு ஐந்தாறு மூச்சை அதன் போக்கில் விடுங்கள். பிறகு, முடிந்துகொண்டிருக்கும் மூச்சுக்குப் பின்னால் எண்ணைச் சேருங்கள். இன்னொன்று, எண்ணிக்கை ஒருபக்கம் தானாக ஓட, மறுபக்கம் நாளைய வேலைத் திட்டம் தயாராவது. எண் தவறாததால் கவனமாக இருப்பதாகத் தோன்றும். அப்போது உள்ளிழுக்கும்போது ஒன்று, வெளிவிடும்போது இரண்டு என்று இரண்டுக்கும் எண்ணுங்கள். வழக்கம் உடைவதால் கவனம் திரும்பும்.

எண்ணங்களை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். தடுக்கவும் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம், இப்படி நினைத்துவிட்டோமே என்று வருந்தவும் வேண்டாம். நல்ல யோசனை வந்தால் எழுதிவைக்கத் தோன்றும். பக்கத்தில் குறிப்பேடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை எழுதிவிட்டால் மனம் அதன்பின் தியான நேரம் முழுவதையும் யோசனை தேடும் நேரமாக்கிவிடும்.

எண்ணுவது சில மாதங்களில் இயல்பாகிவிட்டால், எண்ணை விட்டு மூச்சை மட்டும் தொடரலாம். சோட்டோவில் அதையும் விட்டு, எதையும் பற்றிக்கொள்ளாமல் வெறுமனே உட்காரும் ஷிகான்தாஜா இருக்கிறது. சொல்வதற்கு எளிது, அடித்தளம் இல்லாமல் முயன்றால் வெறும் பகற்கனவாகிவிடும். ரின்சாயில் கோவான் என்னும் புதிர்க் கேள்விகள் உண்டு. அவற்றைத் தனியாக எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். கோவானுக்கான விடை ஆசிரியர் முன்னால் நேருக்கு நேர் சோதிக்கப்படுவது. ஆசிரியர் இல்லாதபோது அது அறிவால் அவிழ்க்கும் விடுகதையாகத் தேங்கிவிடும்.

எவ்வளவு நேரம்

முதல் வாரம் தினம் பத்து நிமிடம். அடுத்த இரண்டு வாரம் பதினைந்து. ஒரு மாதத்துக்குப் பின் இருபது முதல் இருபத்தைந்து. நன்றாக அமைந்த நாளில் நேரத்தை நீட்டாதீர்கள், மோசமான நாளில் பாதியில் எழாதீர்கள். மணி அடிக்கும்போது முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பத்து நிமிடம் மேல். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டியதில்லை.

முடிக்கும்போது உடனே எழக் கூடாது. கைகளைத் தொடைமேல் வைத்து, தொடக்கத்தில் செய்த அசைவைத் தலைகீழாகச் செய்யுங்கள்: சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக. பிறகு கால்களை நீட்டி நீவிவிடுங்கள். மரத்துப்போன காலோடு எழுந்தால் பாதம் தரையில் படுவதே தெரியாமல் கணுக்கால் மடங்கி விழுவீர்கள். உணர்ச்சி முழுவதும் திரும்பி, பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே எழுந்து நில்லுங்கள்.

இருபது நிமிட அமர்வு இரண்டு செய்வதானால் நடுவில் ஐந்து முதல் பத்து நிமிடம் கின்ஹின், அதாவது நடைத் தியானம். சோட்டோ முறையில் இடது கையைக் கட்டைவிரல் உள்ளே இருக்கும்படி மூடி நெஞ்சருகே வைத்து, வலது கையால் அதை மூடிக்கொள்வார்கள். ஒரு மூச்சுக்கு அரைப் பாத நீளம் மட்டுமே காலடி: முன்னே வைக்கும் பாதத்தின் குதிகால் மற்ற பாதத்தின் நடுப்பகுதி வரை வரும். மிக மெதுவான நடை என்பதால் முதலில் தள்ளாடும். எடை முழுவதும் முன்காலுக்கு மாறிய பிறகே பின்காலைத் தூக்கினால் தள்ளாட்டம் நிற்கும். ரின்சாயில் வேகமாக நடப்பார்கள்.

எது எதற்காக நேர்கிறது

கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பின்மேல் அழுத்தம் விழுவதால். திண்டின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துகிறதா என்று பாருங்கள். இன்னும் முன்னால் நகர்ந்து உட்காருவதும் திண்டைச் சற்று உயர்த்துவதும் உதவும். எழுந்து பத்து நிமிடமாகியும் மரப்பு போகாவிட்டால் அந்த நிலையைக் கைவிடுங்கள்.

தோள்பட்டைகளுக்கு நடுவே எரிச்சல் வந்தால், நிமிர வேண்டும் என்று நெஞ்சைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நிமிர்வு இடுப்பிலிருந்து வர வேண்டும். கீழ்முதுகு வலித்தால் பெரும்பாலும் இடுப்பு பின்னே சரிந்திருக்கும். மறுபடி உயரத்துக்கே போங்கள். மந்தமான வலி, அரிப்பு இவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், பல நேரம் தானே போய்விடும். கூர்மையான வலி, மூட்டு வலி இவற்றுக்கு அசைந்துவிட வேண்டும். குழுவில் உட்காரும்போது அசைவதற்கு முன் கைகூப்பிவிட்டு அசைவது முறை.

தூக்கம் வந்தால் முதலில் நேற்றிரவு எவ்வளவு தூங்கினீர்கள் என்று பாருங்கள். தூக்கக் கடனைத் தியானத்தால் அடைக்க முடியாது. மற்றபடி கண்ணை அகலத் திறங்கள், முதுகை மறுபடி நீட்டுங்கள், பார்வையைச் சிறிது உயர்த்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

நீண்ட நேரம் உட்காரும்போது சுவரில் உருவங்கள் தெரிவது, உடம்பு மிதப்பதுபோல் இருப்பது, ஓசை கேட்பது, காரணமில்லாமல் கண்ணீர் வருவது எல்லாம் நேரலாம். இத்தகைய காட்சிகளையும் உணர்வுகளையும் மாக்யோ என்பார்கள். ஞானத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அடுத்த மூச்சுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். ஆனால் பீதியோ பழைய கொடிய நினைவுகளோ உட்காரும் ஒவ்வொரு முறையும் பெருகி, எழுந்த பிறகும் தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

குழுவோடு உட்காரும்போது

இரண்டு மூன்று மாதம் தனியாக உட்கார்ந்தபின் ஒரு குழுவைத் தேடுங்கள். உங்கள் முதுகை உங்களால் பார்க்க முடியாது. பின்னால் நின்று ஒருவர் ஒரு முறை சரிசெய்துவிட்டால் பல நாள் குழப்பம் தீரும். புதியவர்களுக்கான அறிமுக வகுப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடர்நிறத்தில் தளர்வான உடை, வாசனைத் திரவியம் இல்லாமல், கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். உள்ளே நுழையும் விதம், வணங்கும் இடம் எல்லாம் மையத்துக்கு மையம் மாறும். முன்னே போகிறவரைப் பார்த்துச் செய்தால் போதும். சோட்டோ மையங்களில் பொதுவாக மணி மூன்று முறை ஒலித்தால் அமர்வு தொடங்குகிறது, இரண்டு முறை என்றால் நடைத் தியானம், ஒரு முறை என்றால் முடிந்தது. சில இடங்களில் தூங்கி வழிகிறவரின் தோளில் கியோசாக்கு என்னும் தட்டையான கோலால் தட்டுவார்கள். அது தண்டனை அல்ல. பல மையங்களில் கைகூப்பிக் கேட்பவருக்கு மட்டுமே தட்டுவார்கள்.

ஆசிரியரைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். யாரிடம் பயின்றார், கற்பிக்க யார் அனுமதித்தார்கள் என்று கேட்கலாம். ஜென்னில் அது இயல்பான கேள்வி. அந்தக் கேள்விக்கே கோபப்படுகிறவர், தனக்கும் உங்களுக்கும் மட்டும் ரகசியம் என்று சொல்கிறவர், குடும்பத்தையும் மருத்துவத்தையும் விடச் சொல்கிறவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடுங்கள்.

செஷ்ஷின் என்னும் பலநாள் தீவிரப் பயிற்சியில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். புத்தர் ஞானம் பெற்றதை நினைவுகூர்ந்து டிசம்பர் 1 முதல் 8 வரை நடக்கும் ரோஹாட்சு செஷ்ஷின் அவற்றில் மிகக் கடுமையானது. அதில் தொடங்க வேண்டாம். முதலில் அரைநாள் அமர்வு, பிறகு ஒருநாள் அமர்வான ஜாஜென்காய், அதன்பின் இரண்டு மூன்று நாள் செஷ்ஷின் என்று ஏறுங்கள். பதிவு செய்யும்போதே முழங்கால், முதுகுப் பிரச்சினைகளையும் எடுத்துவரும் மருந்துகளையும் எழுதிக்கொடுத்துவிட்டால், நாற்காலியோ கூடுதல் திண்டோ தயாராக வைத்திருப்பார்கள்.